ஊருக்கே கேட்ட நெஞ்சு

டில்லிராணியின் நெஞ்சு வெளியே கேட்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சீஃப் ரவுண்ட்ஸ் வந்திருந்த நேரத்தில், வரிசையில் நின்ற மாணவர்களில் பாதிப் பேர் கேட்டு முடித்து நகர்ந்துவிட, மீதிப் பேர் ஸ்டெத்தைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தபோது.

அந்த வரிசையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி அது. அதுவே ஆஸ்பத்திரி, அதுவே கல்லூரி. ஒரு பக்கம் உடம்பு சரியாகும், இன்னொரு பக்கம் டாக்டர்கள் உருவாவார்கள், இரண்டும் நடப்பது ஒரே கட்டிலைச் சுற்றித்தான். அங்கே ஒருவருடைய வியாதி எவ்வளவு முற்றியிருக்கிறதோ அவ்வளவுக்கு அவர் நல்ல கேஸ். லேசான காய்ச்சல்காரரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒருத்தியின் நெஞ்சில் வால்வு சுருங்கிப்போய், ரத்தம் அந்த இடுக்கு வழியாக முக்கி முனகிப் போகிற சத்தம் தெளிவாகக் கேட்கிறது என்றால் அந்தச் செய்தி ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடம்வரை பரவி, எந்தெந்த யூனிட்டிலிருந்தோ மாணவர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். டில்லிராணி ரொம்ப நல்ல கேஸ். "இந்த மாதிரி கேஸ் இப்பல்லாம் கிடைக்கிறதே இல்ல" என்று சீஃப் டாக்டர் ஞானப்பிரகாசம் ஒவ்வொரு ரவுண்ட்ஸிலும் சொல்வார், மாம்பழக் கூடையில் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பவருடைய சந்தோஷத்தோடு. அவர் கெட்டவர் இல்லை. எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

டில்லிராணி நைட்டி தைக்கிறவள். குடிசை மாற்று வாரியக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வீடு, ஜன்னலோரம் மிஷின், எதிரே துணி மூட்டை. சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வலியுமாக வந்து போன ஒரு காய்ச்சல், போகிற போக்கில் அவள் வால்வில் கை வைத்துவிட்டுப் போனது அவளுக்குத் தெரியாது. முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் மாடி ஏறும்போது மூச்சு நின்று நின்று வந்தது. பிறகு மிஷின் மிதிக்கும்போது. பிறகு படுத்தால். படுத்த மாத்திரத்தில் யாரோ நெஞ்சின் மேல் ஈரத் துணி மூட்டையை ஏற்றி வைத்த மாதிரி இருக்கும், எழுந்து உட்கார்ந்தால்தான் இறங்கும். அதனால் பல மாதங்களாக அவள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். வீட்டில் மிஷினின் மேல் தலையணை வைத்து, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு மேஜையின் மேல் தலையணை வைத்து. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மல்லாந்து படுக்க வேண்டும். கை காலை நீட்டி, விட்டத்தைப் பார்த்து, வாயைப் பிளந்துகொண்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தூங்க வேண்டும். ஆபரேஷன் செய்தால் முடியும் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். மறைப்புத் திரையின் துணி கிழிந்திருந்ததால் அது யாரையும் மறைக்கவில்லை. ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றி, முந்தானையை விலக்கிப் பிடித்துக்கொண்டு டில்லிராணி உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக வந்து குளிர்ந்த வட்டத்தை அவள் இடது மார்புக்குக் கீழே அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையன்களுக்குக் கூச்சம், பெண்களுக்கு அவசரம்.

"ஏம்பா," என்றாள் டில்லிராணி, "ஒருத்தன் கேட்டத இன்னொருத்தனுக்கு சொல்லிக் குடுக்கக் கூடாதா? எத்தினி பேரு வந்து குத்துவீங்கோ? மாரெல்லாம் கன்னிப்பூட்சி."

சீஃப் சிரித்தார். "அவங்கவங்க காதால கேட்டாத்தாம்மா படிப்பு."

"அப்ப எல்லாருக்கும் ஒரே தபாவா கேட்டுத் தொலையட்டும் சார்!" என்று சொல்லி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அப்படியே ஆயிற்று. *குர்ர்ர்… டப்பு… டட்டா. குர்ர்ர்… டப்பு… டட்டா.* முதலில் கட்டிலைச் சுற்றி, பிறகு வார்டின் மறுகோடிவரை, அம்மிக்கல்லை யாரோ தூரத்தில் இழுப்பது போன்ற ஒரு முனகல், அதன் முடிவில் ஒரு கதவு அடிபடுவது, அதையடுத்து விரல்முட்டியால் இரண்டு தட்டு. வரிசையில் மீதி நின்ற மாணவர்கள் ஸ்டெத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். சிஸ்டர் ரோசலி போய் ஜன்னலைச் சாத்திப் பார்த்தார், சத்தம் குறையவில்லை, திரும்பத் திறந்துவிட்டார். சீஃப் ஒரு நிமிஷம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "பாருங்க, முனகல் எங்க ஆரம்பிக்குது, கவனிங்க" என்று பாடத்தைத் தொடர்ந்தார்.

சாயங்காலத்துக்குள் மருத்துவப் பிரிவு முழுக்கக் கேட்டது. மறுநாள் மகப்பேறு பிரிவுக்கு எட்டியது. அதற்கடுத்து குழந்தைகள் பிரிவுக்கும், பிணவறைக்கும், சமையல் கூடத்துக்கும். அந்த வாரம் முடிவதற்குள் மதில் தாண்டி பஸ் ஸ்டாப்வரை வந்துவிட்டது. முதல் இரண்டு நாள் ஆச்சரியம்தான். மூன்றாம் நாள் எல்லோரும் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கொடுக்காமல் யாரையும் சும்மா விடுவதில்லை. துடைப்பக்காரப் பெண்கள் *குர்ர்ர்*-இல் மாப்பை இழுத்து *டட்டா*வில் திருப்பினார்கள், தரை முன்னைவிடப் பளபளத்தது. வாசலில் டீக்கடை வைத்திருக்கும் முனிரத்தினம் *டப்பு* என்றால் மேலிருந்து ஊற்றி *டட்டா* என்றால் கிளாஸில் நுரை பொங்க நிறுத்தினார், சிந்துவதே இல்லை. மகப்பேறு பிரிவில் வலி வந்த பெண்கள் அந்தத் தாளத்துக்கு மூச்சை இழுத்து விட்டார்கள். பிறந்த குழந்தைகள், உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது வெளியேயும் கேட்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கின. மணிக்கூண்டுக் கடிகாரம் எப்போதோ நின்றுபோயிருந்தது. இப்போது அது நின்றிருக்கிறது என்பதையே ஜனங்கள் மறந்துவிட்டார்கள். காது கேளாதவர்கள்கூட வந்தார்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் தரையில் உள்ளங்கையை வைத்தால் தெரிகிறதாம். யாரோ வார்டு வாசலில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், யாரோ ஊதுபத்தி கொண்டுவந்தார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிற இடத்தில் நெருப்பா என்று சிஸ்டர் ரோசலி போட்ட சத்தத்தில் எலுமிச்சம்பழம் மட்டும் தங்கியது. அது சமையல் கூடத்துக்குப் போய் சாதமாகத் திரும்பி வந்தது.

டில்லிராணிக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. யாரும் ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லவில்லை அல்லவா? அதுவே பெரிய விடுதலை. ஆனால் நெஞ்சு வெளியே கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு, அதில் பொய் சொல்ல முடியாது. சிஸ்டர் ஊசியோடு வந்தால் அது ஓடும். பிடிக்காத நாத்தனார் வந்தால் முறைத்துக்கொண்டு அடிக்கும். அவள் புருஷன் ஏழுமலை, மினி லாரி ஓட்டுகிறவன், தினமும் சோற்று டப்பாவோடு வருவான். அவன் மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி இறங்கியதுமே, இன்னும் படி ஏறவேயில்லை, இங்கே *டப்பு-டட்டா டப்பு-டட்டா* என்று துள்ளும். வார்டு முழுக்கச் சிரிக்கும்.

"ந்தோ, வந்துட்டாரு மாப்ள," என்பாள் பக்கத்துக் கட்டில் ரங்கநாயகி. மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைத்தவள், காலில் ஆறாத சர்க்கரைப் புண், வாயில் ஓயாத பேச்சு. "கண்ணாலம் ஆயி எத்தினி வருசம் ஆச்சு, இன்னும் இன்னாடி இது? நமக்கெல்லாம் நின்னேபூடும்."

ஏழுமலை காது மடல் சிவக்க டப்பாவைத் திறப்பான். "வாசல்லயே தெரிஞ்சிடுது," என்று மெதுவாகச் சொல்வான், "நீ கோவமா கீறியா நல்லா கீறியான்னு. வீட்ல இத்தினி நாளா மூஞ்சியப் பாத்து பாத்து ஏமாந்துகினு இருந்தேன்."

இப்படியெல்லாம் சந்தோஷமாகத்தான் போயிற்று. யாருக்கும் குறையில்லை, அவளுடைய கால்களைத் தவிர. கால்கள் வீங்கிக்கொண்டு வந்தன. பாத்ரூம்வரை நடந்தால் திரும்பி வரும் வழியில் இரண்டு கட்டில்களில் உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. மேஜையில் சாய்ந்து தூங்கினாலும் நடுவில் திடுக்கென்று மூச்சுக்குத் தவித்து விழிப்பு வந்தது. சத்தம் கணீரென்று இருந்ததால் அவளும் கணீரென்று இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். முன்பாவது கேட்க வந்தவர்கள் அவள் பக்கத்தில் நின்றார்கள். இப்போது எல்லோருக்கும் அவரவர் இடத்திலேயே கேட்டதால் அவள் கட்டிலுக்கு அருகில் யாரும் வரவில்லை.

ஒருத்தியைத் தவிர. ஹவுஸ் சர்ஜன் சாலிஹா, மேலப்பாளையத்துப் பெண், படிப்பை முடித்துவிட்டு அந்த வருஷம் வார்டில் பயிற்சிக்கு இருந்தவள். தினமும் வந்து டில்லிராணியின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பாள். குழி விழுந்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக மேலே வரும்.

"டாக்டரம்மா, எனக்கு எப்பத்தான் ஆபரேசன்?"

"நானும் சீஃப்கிட்ட கேட்டுட்டேதான்க்கா இருக்கேன். மொதல்ல வெளியூர் புரொபசர்க இந்தச் சத்தத்தக் கேக்க வாராங்கன்னாரு, வந்துட்டுப் போய்ட்டாங்க. பொறவு காலேஜ் விழான்னாரு. இப்ப பல்கலைக்கழகப் பரீட்சை முடியட்டும்ங்காரு."

"பரீச்ச எதுக்கு நான்?"

சாலிஹா அவள் காலின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். நோயாளியைப் பரீட்சைக்கு வைப்பதும் அங்கே ஒரு வழக்கம். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குக் கடைசிப் பரீட்சை தாளில் மட்டும் இல்லை. வெளியூர் பரீட்சகர்கள் வருவார்கள், கட்டில்களில் நல்ல கேஸ்களாகப் பொறுக்கிப் படுக்கவைத்திருப்பார்கள், மாணவர் பரிசோதித்து வியாதியின் பெயரைச் சொல்ல வேண்டும். நல்ல வால்வு கேஸ் கிடைத்துவிட்டால் பரீட்சைவரை அதைக் கைவிட யாருக்கும் மனசு வராது. வியாதி குணமாகிவிட்டால் கேள்வித்தாள் தொலைந்த மாதிரி. "மருந்து குடுத்துட்டுத்தான இருக்கோம், கொஞ்ச நாள் தாங்குவாங்க" என்று சீஃப் சொன்னாராம். தாங்குவாள் என்பது யாருடைய கணக்கு? தாங்குகிறவளிடம் விசாரித்த கணக்கா அது?

டில்லிராணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. டப்பாவை மூடி ஏழுமலையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வார்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"நானு இதயம் அறுக்குற பில்டிங்குக்குப் போப்போறேன். நானே போய் கேக்கப்போறேன். யாரு வர்றீங்கோ?"

வார்டில் அவரவர் போர்வையைச் சரிசெய்துகொண்டார்கள். மேலே மின்விசிறிகள் சுற்றின, அவற்றுக்கு நடுவே *குர்ர்ர்… டப்பு… டட்டா.* மூலைக் கட்டிலில் ஒரு பெண், கை நடுங்கும் வியாதிக்காரி, மெதுவாகச் சொன்னாள், இந்தத் தாளம் வந்த பிறகுதான் தன்னால் சிந்தாமல் டம்ளரைப் பிடிக்க முடிகிறது என்று. இன்னொருத்தி, மகப்பேறு பிரிவில் தன் மகளுக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றாள். ரங்கநாயகி கால்புண்ணைப் பார்த்துக்கொண்டே, "பரீச்ச முடியட்டுமேடி, கூட ஒரு வாரம் பத்து நாளு" என்றாள். "நீ பூட்டீன்னா இங்க ஜில்லுனு ஆயிடும்."

டில்லிராணிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மூச்சு முட்டும், மூச்சு முட்டினால் நெஞ்சு குதிரையாகும். அன்றைக்கு அது ஓடிய ஓட்டத்தில் மருந்து அலமாரியின் கண்ணாடிகள் கிணுகிணுத்தன, சமையல் கூடத்தில் அண்டாக்களின் மூடிகள் ஆடின, முனிரத்தினத்தின் கடையில் அத்தனை வாரத்தில் முதல் தடவையாக டீ சிந்தியது.

"என் நெஞ்சு இன்னா உங்களுக்கு ரேடியோவா?" என்றாள். "காத்தால எழுந்தா போடுறதுக்கு, பாட்டு நல்லாக்கீதுன்னு தல ஆட்டுறதுக்கு? அது பாட்டு இல்லம்மா. அது உள்ள மாட்டிகினு கத்துது. வழி வுடுங்கடா வழி வுடுங்கடான்னு ரத்தம் கத்துது. நீங்கோ தாளம் போடுறீங்கோ. ரங்கநாயகியக்கா, உன் கால்புண்ணு அழகா கீது, பூ மாதிரி கீது, ஆற வுட வேணான்னு நான் ஸொன்னா உனக்கு எப்பிடி இருக்கும்? நான் படுத்து எத்தினி மாசம் ஆச்சு தெரியுமா? பொணம் கூட மல்லாந்து படுக்குது. எனக்கு அது கூட இல்லியா?"

அவ்வளவு பேசியதும் மூச்சு நின்றுவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாய் திறந்து, தோள்கள் ஏறி இறங்க, காற்றைத் தேடினாள். வார்டே பார்த்தது. சத்தத்தை மட்டுமே கேட்டு வந்தவர்கள் முதல் தடவையாக அந்தத் தோள்களைப் பார்த்தார்கள்.

ரங்கநாயகிதான் முதலில் எழுந்தாள். கட்டுப் போட்ட காலை நொண்டிக்கொண்டு வந்து, தன் தலையணையை எடுத்து அவள் முதுகுக்குக் கொடுத்தாள். "தப்புதான்டி. பக்கத்துலயே குந்திகினு உன் காலு இப்பிடி வீங்கிக்கீறத நான் பாக்கல பாரு." பிறகு வார்டு வாசலைப் பார்த்து, சத்துணவுக் கூடத்தில் ஐந்நூறு பிள்ளைகளை அடக்கிய அதே குரலில் கத்தினாள்: "ஆயாம்மா! வீல்சேர் எத்தாம்மா! நல்ல சக்கரம் கீறதா பாத்து எத்துகினு வா!"

நல்ல சக்கரம் உள்ளது அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. கிடைத்ததில் உட்காரவைத்து, ஏழுமலை தள்ள, சாலிஹா ஒரு பக்கமும் ஆயாம்மா ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, சிஸ்டர் ரோசலி "பேஷண்ட்டை எங்க கொண்டுபோறீங்க, எனக்குத் தெரியாது, நான் பாக்கல" என்று சொல்லிவிட்டு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தானே தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் சலைன் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்கள். தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில், ஓ.பி. டோக்கனுக்கு நின்ற ஜனம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, ஊர்வலம் போயிற்று, சத்தமும் கூடப் போயிற்று. மருத்துவப் பிரிவில் முதல் தடவையாகத் தாளம் தேய்ந்தது, அங்கே மாப்பு போட்டுக்கொண்டிருந்த பெண் *குர்ர்ர்*-இல் இழுத்துவிட்டு *டட்டா* தூரத்திலிருந்து வருகிறதே என்று நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டு மாப்பைப் போட்டுவிட்டு அவளும் வந்தாள்.

இதய அறுவைப் பிரிவின் மாடி வராந்தாவில் டாக்டர் சந்திரமதி நின்றிருந்தார். அந்தப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஊர்வலம் வந்து நின்றதும் இறங்கி வந்து, டில்லிராணியின் மணிக்கட்டைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"நீங்கதானா?" என்றார். "எத்தனை வாரமா உங்களுக்காகக் காத்திட்டு இருக்கேன் தெரியுமா?"

"நீங்க காத்துகினு இருந்தீங்களா?" டில்லிராணிக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தது. "நான்தானே காத்துகினு இருந்தேன்!"

"முதல் நாளே கேட்டேன். கேட்டவுடனே தெரிஞ்சிது, இந்த வால்வைப் பிரிச்சு விடணும்னு. இன்னைக்கு அனுப்புவாங்க, நாளைக்கு அனுப்புவாங்கன்னு இருந்தேன். அனுப்பலைன்னதும், ஆபரேஷன் தாங்குற உடம்பு இல்ல போலருக்குன்னு நினைச்சிட்டேன். ஊருக்கே கேக்குது, உங்க வார்டு டாக்டருங்களுக்குக் கேக்காதான்னு."

அதற்குள் சீஃப் ஞானப்பிரகாசம் மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தார், அவருக்குப் பின்னால் மாணவர் கூட்டம். "மேடம், நானும் அதேதான்... உங்களுக்கே நேரா கேக்குறதால, அவசரம்னா நீங்களே கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்."

பாருங்கள். ஒரு ஆஸ்பத்திரி முழுக்க ஸ்டெத் மாட்டிய படித்த ஜனம், சாதாரண வால்வு கேஸாக இருந்திருந்தால் ஒருவர் கேட்டு இன்னொருவருக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இவளுடைய நெஞ்சு எல்லோருக்கும் கேட்டதால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

"பரீட்சை ஒண்ணு இருக்கு மேடம்," என்று சீஃப் தொடங்கினார், பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. "பசங்களுக்கு..."

"சார்." டில்லிராணி கையைத் தூக்கினாள். மூச்சு கொஞ்சம்தான் இருந்தது, அதை அளந்து அளந்து செலவழித்துப் பேசினாள். "பசங்கோ படிக்கணும். நான் வேணான்னு ஸொல்லல. என் நெஞ்ச வச்சி நாலு பேரு டாக்டர் ஆனா எனக்கும் பெருமதான். ஆனா நீங்கோ பாதி பாடம்தானே சார் எடுத்தீங்கோ? இன்னா வியாதின்னு ஸொல்லிக் குடுத்தீங்கோ. அத சரி பண்றது யாரு ஸொல்லிக் குடுப்பா? வியாதிக்குப் பேரு வச்சிட்டு காத்துகினு இருக்கலாம்னு கத்துகினா, இவங்கோ நாளைக்கி எப்பிடி டாக்டருங்கோ ஆவாங்கோ?"

*குர்ர்ர்… டப்பு… டட்டா* என்றது நெஞ்சு. அந்த இடைவெளியில் சீஃப் தன் மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பாடம் எடுப்பவர். வாதத்தில் சரியான பக்கம் எது என்று தெரிந்தும் மறு பக்கத்தில் நிற்க அவருக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாரும் ஸ்டெத்தைப் பையில போடுங்க," என்றார். "மேடம் அனுமதிச்சா, மீதிப் பாடம் இங்கதான்."

வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன். அதைப் பற்றி விவரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சந்திரமதிக்கு அது தெரிந்த வேலை. ஆனால் அந்த வேலைக்கு நெஞ்சைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும், அதுவரை ஒரு மிஷின் ரத்தத்தைச் சுற்றவிடும். இதை சாலிஹா முந்தின நாளே எல்லோருக்கும் விளக்கிச் சொல்லியிருந்தாள். தெரிந்திருந்தும் என்ன? *குர்ர்ர்… டப்பு…* என்று வந்துகொண்டிருந்தது *டட்டா* சொல்லாமல் நின்றபோது ஆஸ்பத்திரி முழுக்க ஒருவரும் அசையவில்லை. பஸ் ஸ்டாப்பில் பஸ் ஏறப்போன கால் படியிலேயே நின்றது. அறுவைக் கூடத்துக்கு வெளியே ஏழுமலை தரையில் குந்திக் கதவில் காதை வைத்தான்.

அப்போது டீக்கடையில் முனிரத்தினம், தன்னையறியாமல், கரண்டியால் கிளாஸைத் தட்டினார். *டட்டா.* விட்ட இடத்திலிருந்து. பக்கத்துப் பழக்கடைக்காரர் தராசுத் தட்டைத் தரையில் இழுத்தார், *குர்ர்ர்.* ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியின் மேல் தட்டினார், *டப்பு.* துடைப்பக்காரப் பெண்கள் வாளியைப் பிடித்துக்கொண்டார்கள், சமையல் கூடத்தில் அண்டாக்கள் சேர்ந்துகொண்டன, ரங்கநாயகி சாப்பாட்டுத் தட்டைக் கட்டில் கம்பியில் அடித்தாள், கை நடுங்கும் வியாதிக்காரி டம்ளரால் அடித்தாள், ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. மகப்பேறு பிரிவில் பெண்கள் தங்கள் வயிற்றின் மேலேயே மெதுவாகத் தட்டினார்கள். எத்தனை வாரமாக அவளிடமிருந்து வாங்கினார்களோ அதை எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள், நெஞ்சு திரும்பி வரும்போது வழி தப்பிவிடக் கூடாது என்று. உள்ளே சந்திரமதியின் விரல்கள் அந்தத் தாளத்துக்கே நடந்தன என்றும், சுற்றி நின்ற மாணவர்கள் மூச்சை அந்தத் தாளத்துக்கே விட்டார்கள் என்றும் பிறகு சொன்னார்கள்.

தட்டினார்கள், தட்டினார்கள், யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. எப்போது நிறுத்துவது? அவளுடைய சத்தம் திரும்ப வந்தால் நிறுத்தலாம், அது வரவேயில்லை. ஏழுமலை தரையைக் குத்திக்கொண்டே இருந்தான், முட்டியில் ரத்தம் கசிந்தது.

கதவைத் திறந்துகொண்டு சந்திரமதி வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

"போதும்ப்பா," என்றார். "நிறுத்தச் சொல்லு எல்லாரையும். அவங்களுது ஓடுது. நல்லாவே ஓடுது."

"கேக்கலியே மேடம்?"

"இனி கேக்காது. கேக்கலைன்னாத்தான் நல்லாருக்குன்னு அர்த்தம்."

ஏழுமலை அதைப் படியில் நின்றவனிடம் சொல்ல, அவன் மரத்தடிக்குச் சொல்ல, மரத்தடி ஓ.பி.க்குச் சொல்ல, ஒவ்வொரு இடமாகத் தட்டு நின்றது. கடைசியாக நின்றது டீக்கடைக் கிளாஸ். அத்தனை வாரம் கழித்துக் காக்கைகளின் சத்தமும் பஸ் ஹாரன்களும் ஆஸ்பத்திரிக்கு மறுபடி கேட்டன. முனிரத்தினம் அன்றைக்கு எல்லோருக்கும் ஊற்றினார். சிந்தவில்லை, கை பழகியிருந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம், டீ ஊற்றுவதும் மாப்பு போடுவதும் பிள்ளைகள் கை தட்டி விளையாடுவதும் அந்தத் தாளத்தில்தான் நடக்கிறது. டில்லிராணியிடம் மட்டும்தான் அது இல்லை.

பல்கலைக்கழகப் பரீட்சை வந்த அன்றைக்கு அவள் இன்னும் வார்டில்தான் இருந்தாள், மருத்துவப் பிரிவில், தன் பழைய கட்டிலில், தையல் ஆறும்வரை. திரைக்குப் புதுத் துணி போட்டிருந்தார்கள்; நீலத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பூ, நைட்டித் துணி, ஏழுமலை வீட்டு மூட்டையிலிருந்து கொண்டுவந்தது. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர், கோட்டும் டையும் போட்ட பெரிய மனிதர், மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு மாணவர்கள் பின்தொடர வார்டுக்குள் நுழைந்தார். ஊருக்கே கேட்ட நெஞ்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்பதையே கேள்வியாக வைக்கலாம் என்றார்.

திரைக்கு வெளியே ரங்கநாயகி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். விரலை உதட்டில் வைத்தாள்.

சாலிஹா திரையின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தாள். மேஜை சுவரோரம் தள்ளிக் கிடந்தது. தலையணை ஒன்றே ஒன்று, அதுவும் தலைக்குக் கீழே. டில்லிராணி மல்லாந்து படுத்திருந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, கால் இரண்டும் அகட்டி, வாய் திறந்து, லேசான குறட்டையோடு. கணுக்காலில் எலும்பு தெரிந்தது.

"தூங்குதாங்க சார்," என்றாள் சாலிஹா.

"எழுப்புங்க," என்றார் பரீட்சகர். "பரீட்சைக்கு நேரம் ஆகுது."

மாணவர்கள் சீஃபைப் பார்த்தார்கள். சீஃப் ஞானப்பிரகாசம் திரையைச் சரியாக இழுத்து மூடினார். பிறகு பரீட்சகரின் தோளில் கைபோட்டு வாசல் பக்கமாக அழைத்துப் போனார், செருப்புச் சத்தம் வராமல், நுனிக்காலில்.

"வாங்க சார், வெளியில டீ நல்லாருக்கும்," என்றார். "அவங்க எழுந்திரிக்கட்டும்."